இடுப்பில் குழந்தையோடு ஒரு கணக்கு வகுப்பு

கீரமங்கலம்,
10-7-1959

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு அமலராணி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பயப்பட ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே படியுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேலை என்றுதானே பள்ளி மானேஜர் கண்ணுசாமி நம் வீட்டுக்கே வந்து சொன்னார்? நான் வந்து சேர்ந்ததும், "பாடத்தைப் பழைய வாத்தியாரு பாத்துக்குவாரு. பள்ளிக்கூடத்து வாசல் போர்டுல ஒங்க பேரும் பி.ஏ.வும் இருந்தாப் போதும். நீங்க வீட்டுல எம் பேரனைப் பாத்துக்கங்க டீச்சரம்மா" என்றார். முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வாய் வரவில்லை. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன்.

என் வகுப்பில் படிக்கும் தன் மகளுக்குச் சோறு கொண்டுவந்த அமிர்தவல்லி என்ற அக்கா அதைப் பார்த்துவிட்டார். வகுப்புப் பக்கம் வந்த மானேஜரிடம், "ஏங்க, பி.ஏ. டீச்சருன்னு சொல்லித்தானே எம் மகளை இங்கிட்டுச் சேத்தீங்க? ஒங்க பேரனைத் தூக்கவா அவுக பி.ஏ. படிச்சாக?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மானேஜர் பேரனை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வகுப்பு என்னுடையது. திரும்பி வரச் சொல்லாதீர்கள்.

அந்தக் குழந்தையைத்தான் மனம் தேடுகிறது. இங்கே என்னைப் பார்த்ததும் சிரித்தவன் அவன் ஒருவன்தான். யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாயும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். புதுப் போர்வை வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. இனி மானேஜர் வீட்டு விலாசத்துக்கு எழுதாதீர்கள். 'அமலராணி, பி.ஏ., கணக்கு ஆசிரியை' என்று போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
அமலராணி