டிராமாவுக்கென்று வாங்கிய சிவப்பு

அடியே,

நேற்று ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் மருந்துக் கடையில் மருந்தைத் தவிர மற்றதெல்லாம் முன்னால் நிற்கிறது. பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி முழுக்க லிப்ஸ்டிக். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒவ்வொன்றாகத் திறந்து புறங்கையில் கோடு கோடாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகும் பன்னீரும் கலந்த அந்த வாசனை வந்ததும், கடைக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்து நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் சும்மா வந்திருக்க மாட்டாய். கை வேறு, உதடு வேறு என்று அங்கேயே அந்தப் பெண்ணுக்கு ஒரு வகுப்பு எடுத்திருப்பாய். முன்பின் தெரியாதவர்களுக்கும் புத்தி சொல்கிற வாய் உனக்கு.

எழுபதுகளின் தொடக்கம் அது. நமக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. திருத்தணியில் ஒரே தெரு, ஒரே டைப்ரைட்டிங் வகுப்பு. உன் கீழுதட்டின் ஓரத்தில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும் என்றார் உன் அம்மா. நீ வெற்றிலையே போட மாட்டாய். இரண்டு மாதத்தில் அது புளியங்கொட்டை அளவுக்கு வந்ததும் உன்னை அரக்கோணத்தில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தோலின் நிறம் போகிறது, வலிக்காது, யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைத் தெருவில் யார் கேட்கப் போகிறார்கள்? வெள்ளையாக எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், வெண்குஷ்டம்.

"அந்தப் பேரு மட்டும் தெருவுக்கு வந்துச்சுன்னா உனக்கும் கல்யாணம் இல்ல, உன் தங்கச்சிக்கும் இல்ல" என்றார் உன் அம்மா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னிடமும் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

களிம்பு தீர்ந்துபோய் அடுத்தது வாங்க நீயும் நானும் பஸ் ஏறி அரக்கோணம் போனோம். உள்ளூர்க் கடையில் வாங்கினால் மருந்துச் சீட்டை நாலு பேர் படிப்பார்கள் என்று பயம். அந்த மருந்துக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பவுடர், ஸ்நோ, குழந்தைக்குப் போடும் கறுப்பு வளையல் இவற்றோடு லிப்ஸ்டிக்கும் கொஞ்சம் கிடந்தது. இருப்பதிலேயே மலிவான சரக்கு. பெயர் கிடையாது, அடியில் நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும். நீ களிம்பை மறந்து அதையே பார்த்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் ஒருவர்தான் கடையில் இருந்தார்.

"இன்னாமா, டிராமாவுக்கா?" என்று கேட்டார்.

"ஆங், டிராமாவுக்குதாங்க" என்றாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "ராணி வேஷம்."

அப்புறம் எத்தனை தடவை போனோம் என்று எனக்கு நினைவில்லை. போகும்போதெல்லாம் டிராமாவில் ஒரு வேஷம் கூடிக்கொண்டே போனது. ராணிக்கு ஒரு நிறம், தோழிக்கு ஒரு நிறம். கடைசியில் அவர், "ஏம்மா, எப்பதான் டிராமா போடப்போறீங்க? நானும் வந்து பாக்கறேன்" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே ஓடிவந்து தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அழகுக்காக லிப்ஸ்டிக் பார்க்கிறவர்களை அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன். நீ தேடியது அதற்கு நேர் எதிர். போட்டது தெரியக்கூடாது. உன் உதட்டின் சொந்த நிறம் எதுவோ அதுதான் வேண்டும். அது கடையில் கிடைக்குமா? ஒன்று ஈரக் குங்குமம் மாதிரி இருந்தது, இன்னொன்று நாவல் பழம் தின்ற மாதிரி. உன் வீட்டுக் கொல்லையில், சாயம் போட்ட நூலைக் காயப்போட்டிருக்கும் மூங்கிலுக்குப் பின்னால் நின்று போட்டுப் பார்ப்போம். உள்ளே உன் நைனா தறியில் இருப்பார். தறிச் சத்தம் கேட்கிறவரைக்கும் நமக்குக் கவலை இல்லை. சத்தம் நின்றால் உடனே முந்தானையால் துடைத்துவிட வேண்டும். உன் உள்பாவாடைகளைத் துவைக்க நீ யாரையும் விடாமல் இருந்ததன் காரணம் உன் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். முந்தானையில் இடமில்லாமல் போனால் பாவாடைதான்.

நிறம் பிடித்தால் மட்டும் போதாது உனக்கு. நெசவு வீட்டுப் பெண் இல்லையா? வெள்ளை நூலைத் தண்ணீரில் நனைத்து உதட்டுக்கு நடுவே வைத்து அழுத்துவாய். எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாய். நூலில் சிவப்பு இறங்கியிருக்கும்.

"ஓடுதுடி" என்பாய். உன் நைனா சாயத்தைப் பற்றிச் சொல்கிற அதே குரல். எல்லாமே ஓடியது. அந்த விலைக்கு ஓடாமல் என்ன செய்யும்?

கடைசியில் செங்கல் நிறம் ஒன்றும் மங்கலான ரோஜா ஒன்றும் கலந்து பூசி, துணியால் ஒற்றியெடுத்து, மேலே துளி பவுடர் தொட்டபோது அது வந்தது. நான் கிட்டே வந்து பார்த்தேன், எட்டப் போய்ப் பார்த்தேன். உதடு உதடாக இருந்தது. நீ கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. அன்றைக்குத்தான் நீ எவ்வளவு பயந்துபோயிருந்தாய் என்று எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் ராணி, தோழி என்று சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் தறிக்காரர்கள்தான். நல்ல வைகாசி வெயில். கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து காற்றே இல்லை. நீ வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உட்கார்ந்தாய். நான் கதவோரம் நின்று உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உன்னைப் பிடித்துவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று. எழுந்து வந்து உன் முகவாயைப் பிடித்து, "லட்சணமா இருக்கறம்மா" என்று கொஞ்சினார். கையை எடுத்தபோது கட்டைவிரலில் சிவப்பு.

வேறு வீட்டு அம்மாவாக இருந்தால் குங்குமம் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். இந்த அம்மா இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், நூலைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரியே. பிறகு உன் உதட்டைப் பார்த்தார்.

"இது இன்னாது, சாயமா? லிப்ஸ்டிக் போட்டுகினு வந்து உக்காந்துகினு இருக்குதா பொண்ணு?"

உன் நைனா முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளையை எதை வைத்து மறைத்தாய் என்று அப்போதுதான் புரிந்து உன் அம்மா எழுந்தார். எனக்குத் தெரியும், உண்மையைச் சொல்லிவிடத்தான் எழுந்தார். பெண்ணை ஷோக்குப் பேர்வழி என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று பதறி, "அது வந்துங்க, கொழந்தைக்கு ஒதட்டுல பாவம்..." என்று ஆரம்பித்தார்.

நீ முந்திக்கொண்டாய். "ஆசைங்க" என்றாய். தலையைக் குனியக்கூட இல்லை. "எனக்கு ரொம்ப ஆசை. அம்மாவுக்குத் தெரியாம நானே வாங்கிப் போட்டுகினேன்."

அவ்வளவுதான். டிராமாக்காரி மாதிரி உதட்டுக்குச் சாயம் பூசுகிற பெண் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. உன் நைனா உன்னை அடிக்கவில்லை. அன்று முழுக்கத் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கொல்லையில் வைத்து நான் உன்னைக் கேட்டேன், ஏன்டி அப்படிச் சொன்னாய், அம்மா சொல்லியிருந்தால் ஒருவேளை இரக்கப்பட்டிருப்பார்களே என்று. நீ மூங்கிலில் சாய்ந்து நின்றிருந்தாய். அழுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"அதாண்டி வேணாம்" என்றாய். "திமிரு புடிச்சவன்னு சொல்லட்டும். ஷோக்குன்னு சொல்லட்டும். அத நான் தாங்கிக்குவேன். பாவம்னு ஒருத்தரும் என்னப் பாக்கக்கூடாது."

உனக்கு நான் சொன்ன சமாதானமெல்லாம் அதற்குப் பிறகு எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. மறுவாரம் நீ தனியாக அரக்கோணம் போய் ஒன்று வாங்கி வந்தாய். மறைக்கிற நிறம் இல்லை. பளிச்சென்று நல்ல சிவப்பு. அதைப் போட்டுக்கொண்டு வளையல் கடைகளைத் தாண்டி, மலைக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, என்னோடு டைப்ரைட்டிங் வகுப்புக்கு நடந்தாய். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீயோ குழாயடிப் பெண்களைப் பார்த்து, "இன்னாக்கா, தண்ணி வருதா?" என்று விசாரித்தாய்.

அதற்குப் பிறகு சிவப்பில்லாமல் உன்னை ஊர் பார்த்ததே இல்லை. வேலை கிடைத்து தினமும் ரயிலில் அரக்கோணம் போய்வந்தபோதும் அப்படித்தான். ஊர் என்ன, சும்மாவா இருந்தது? வேண்டியமட்டும் பேசியது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் தெருவுக்கு வரவில்லை. உன் தங்கைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அக்கா ஒரு மாதிரி, தங்கச்சி தங்கம் என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டு போனார்கள். இதை நீ எனக்குச் சொல்லிச் சிரித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

புதிதாக எந்த மலிவுச் சரக்கு வந்தாலும் வாங்கிப் பார்த்துவிடுவாய். ஒருமுறை எதையோ போட்டு உதடு பணியாரமாக வீங்கிவிட்டது. பல்வலி என்று துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாய். துண்டுக்குள்ளேயும் கொஞ்சம் சிவப்பு வைத்திருந்தாய் என்று உன் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாய். உதடு வீங்கிய அந்தச் சமயத்திலேயே வெள்ளை இரண்டு உதட்டிலும் பரவிவிட்டிருந்தது.

உன் வீட்டுக்காரர் ரயில்வேக்காரர். ஒரே வண்டியில் போய்வந்து பழக்கம். எண்பதுகளில், இனி உனக்குக் கல்யாணமே இல்லை என்று ஊர் முடிவுகட்டிய பிறகு, அவரே வந்து கேட்டார். நீ அரக்கோணம் பிளாட்பாரத்தில் அவரை நிறுத்தி வைத்து, கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைக்கப் போனாயாம்.

"வேணாங்க" என்றாராம் அவர். "அந்த மழைல நனைஞ்சிகினு வண்டி ஏறுனீங்களே, அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்."

அன்னைக்குக் கழுவிப்போன ஒதட்டோடவா இந்த ஆளு முன்னாடி நின்னேன் என்று உனக்கு மகா கோபம். அந்தக் கோபத்தோடேயே கட்டிக்கொண்டாய். எனக்கு அவரை அன்றிலிருந்து பிடிக்கும்.

போன வருஷம் செய்தி வந்து நான் சென்னையிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முகம், எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று. பார்த்தேன். உதடு சிவப்பாக இருந்தது. மேலுதட்டில் கோடு தாண்டிக் கொஞ்சம் இழுபட்டிருந்தது. பழக்கமில்லாத கை. உன் தலைமாட்டில் நின்ற உன் வீட்டுக்காரரின் விரல் நுனியிலும் அதே சிவப்பு.

எனக்குப் பின்னால் ஒரு குரல். "சாவுலகூட ஷோக்கப் பாரு. அந்தக் காலத்துலயே திமிரு புடிச்சவ. வந்த சம்பந்தத்தையே வாயால ஓட்டுனவ."

திரும்பினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னால் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள், உன்னைத் தப்பாகப் பேசிவிட்டோமே என்று உருகுவார்கள். வாயைத் திறந்தும் விட்டேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

"ஆங்" என்றேன். "திமிரு புடிச்சவதான். எங்க தெருவுலயே அவ்ளோ திமிரு எவளுக்கும் கெடையாது."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் இருந்தவளும் ஆமாம் ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள்.

இப்போதும் ஊருக்குப் போனால் யாராவது உன் பேச்சை எடுக்கிறார்கள். அதையேதான் சொல்கிறேன். நான் இருக்கிறவரைக்கும் நீ திமிர் பிடித்தவள்தான், கவலைப்படாமல் இரு.