உசிலம்பட்டியில் திறக்காத பெட்டி

வாடிப்பட்டி
8.1.2024

அன்புள்ள சோணைக்கு,

காசிமாயன் எழுதுவது. நான் நலம். நீயும் மகள் தமிழ்வாணியும் சுகம்தானே? போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் கடுதாசி.

நேற்றுப் பேப்பரில் உன்னைப் பற்றி அரைப் பக்கம். ‘மேஜிக் ஷோவுடன் ஊர் ஊராகச் சுற்றிய மிஸ் ரோகிணி.’ டீக்கடையில் சிவபாண்டி சத்தமாக வாசித்தான். “அண்ணே, ஒங்களையும் போட்டிருக்காக!” என்றான். பிடுங்கிப் பார்த்தேன். ‘இவரது கணவர் பெட்டிகளைத் தூக்கி உதவினார்.’ அம்புட்டுத்தான்.

நான் பெட்டி தூக்கினவனா? உள்ளங்கையில் முட்டையை ஒளிக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ரோகிணி என்று பெயர் வைத்தது யார்? படத்தில் டிரம் அடித்த தனிஸ்லாஸ் உன் தோளை ஒட்டி இளித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. எழுதிய ஜெனி டீச்சர் புத்தகமும் போடப் போகிறாராமே. அதிலாவது ஒழுங்காகச் சொல்.

இப்படிக்கு,
காசிமாயன்

-

திருநகர், மதுரை
19.1.2024

தமிழ்வாணியின் அப்பாவுக்கு,

நலம். உங்களுக்கு மூச்சிரைப்பு என்று கேள்விப்பட்டேன். பனியில் டீக்கடைக்குப் போகாதீர்கள்.

முட்டை, பெயர், முதல் மேடை எல்லாமே நீங்கள் கொடுத்தது என்று ஜெனியிடம் சொன்னேன். பேப்பர்காரர்கள் வெட்டிவிட்டார்கள். புத்தகத்தில் வரும்.

தனிஸ்லாஸ் இறந்து ஆறு வருடமாகிறது. நான் தனியாக ஷோ நடத்திய காலமெல்லாம் அவர் டிரம் அடித்தார், அவர் மனைவி ஆனிமேரி டிக்கெட் கிழித்தாள். வேறொன்றும் இல்லை. செத்தவர் மேலுமா உங்களுக்கு இன்னும் சந்தேகம்?

எண்பத்துமூன்றில் உசிலம்பட்டியில் பெட்டி திறக்காமல் போனதைப் பற்றி ஜெனி கேட்டாள். தாழ் துருப்பிடித்துவிட்டது என்றேன்.

சோணையம்மாள்

-

வாடிப்பட்டி
2.2.2024

அன்புள்ள சோணைக்கு,

தாழ் துருப்பிடிக்கவில்லை. அன்று காலையில்தான் எண்ணெய் போட்டிருந்தேன்.

அந்த ஊர் நோட்டீஸில் உன் பெயர் பெரிதாகவும் என் பெயர் அடியிலும் இருந்தது. அச்சாபீஸ்காரனிடம் கேட்டால், “அந்தம்மா பேருக்குத்தாண்ணே கூட்டம் வருது” என்றான். சாயங்காலம் உன்னைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். கொட்டகை முழுக்க ‘ரோகிணி, ரோகிணி’ என்று கத்தியது. திரைக்குப் பின்னால் போய், பெட்டியின் பின்பக்கத் தாழைச் சனத்துக்குத் தெரியாமல் நீக்கவேண்டியது என் வேலை. போனேன். கையும் வைத்தேன். நீக்கவில்லை.

நீ தட்டினாய். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் வராமல் போனால் சனம் யாரைக் கூப்பிடும் என்று பார்க்க நினைத்தேன். தட்டுவது நின்றுவிட்டது. அப்போதும் நின்றுகொண்டே இருந்தேன். தனிஸ்லாஸ்தான் சுத்தியலோடு ஓடிவந்து பலகையை உடைத்தான். அவன் உன்னை வெளியே தூக்கியபோது, உனக்கு உயிர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

நாற்பத்தோரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஜெனியிடம் சொல். புத்தகத்தில் போடட்டும்.

காசிமாயன்

-

திருநகர்
20.2.2024

தமிழ்வாணியின் அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும். பலகை இடுக்கில் உங்கள் விரல் தெரிந்தது. தாழின் மேலேயே இருந்தது. அதனால்தான் மறுவாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நான் தனிஸ்லாஸோடு போய்விட்டதாக நீங்கள் ஊரெல்லாம் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை.

உங்களைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால், புருசன் பூட்டிக் கொல்லப் பார்த்த பொம்பளை என்றுதான் என்னைப் பார்க்க வந்திருப்பார்கள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் மேடை ஏறினேன். கம்பம், விளாத்திகுளம், ராமேஸ்வரம் வரை போனேன். சனம் என் வித்தையைப் பார்க்கத்தான் வந்தது. இப்போது புத்தகத்தில் போட்டால் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்கள். அது உங்கள் கதையாகிவிடும். தர மாட்டேன். துரு என்றே இருக்கட்டும்.

ஏப்ரல் 14 மாலை டவுன்ஹால் ரோட்டில் புத்தக வெளியீடு. ஒரு ஐட்டம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் வித்தை காட்டும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலேயே நின்றீர்கள். என் ஷோவை ஒருநாளும் முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் என்னோடு பேச வேண்டாம்.

சோணையம்மாள்

-

வாடிப்பட்டி
15.4.2024

அன்புள்ள சோணைக்கு,

வந்தேன். பேசவில்லை. நீ என்னைப் பார்த்தாயா, தெரியவில்லை.

நீ வெறுங்கையைக் காட்டி, வரிசையாக ஆறு முட்டை எடுத்தாய். எங்கே ஒளிக்கிறாய் என்று உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக் கொடுத்த மாதிரி இல்லை. கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பொய் சொல்லக்கூடாது, வயிறு எரிந்தது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர், “எங்க போயிட்டு வாரீக?” என்றார். “எம் பொண்டாட்டி மேஜிக் காட்டுனா, பாத்துட்டு வாரேன்” என்றேன். “எம் பொண்டாட்டி” என்று சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

அவர் திரும்பி உட்கார்ந்து, “மேஜிக்கா? சொல்லுங்க, சொல்லுங்க” என்றார். கம்பத்தையும் விளாத்திகுளத்தையும் சொன்னேன். ஆறு முட்டையைச் சொன்னேன். வாடிப்பட்டி வரும்வரை உன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். நான் என்ன தொழில் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காசிமாயன்