ஏலம் இல்லாத அறுப்பின் பண்டிகை

குதைபியா, பஹ்ரைன்,
சனிக்கிழமை காலை

என் அன்பு மகன் ஜெரிஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாயிருக்கிறோம், அப்பாவின் முழங்கால்கூட இந்த மாதம் சொன்னபடி கேட்கிறது. இங்கிலாந்தில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெட்கத்துக்குத்தான் மருந்து தேடுகிறான் என்று உன் அக்கா லிஜி நேற்று கத்தாரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். அவளைத் திட்டாதே, அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம், பாவம் ஒரு வாரம் வாயைக் கட்டிப் பார்த்திருக்கிறாள், அவளுக்கு அது பெரிய காரியம். ஃபோனில் கேட்டால் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

லிஜி சொன்னபடியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. உங்கள் ஊர்க் கோயிலில் அறுப்பின் பண்டிகை என்றதும் நீ வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒரு முழுப் பூசணிக்காயை மடியில் வைத்துப் பஸ்ஸில் போயிருக்கிறாய். அங்கே பீடத்துக்கு முன்னால் வாழைக்குலையும் இல்லை கோழியும் இல்லை, டின்னில் அடைத்த பயறும் பாஸ்தா பாக்கெட்டும்தான், நடுவில் கோதுமைக் கதிர்க்கட்டு மாதிரியே சுட்ட ஒரு பெரிய ரொட்டி. ஆராதனை முடிகிற நேரம் அந்தப் பெண் போதகர் ரொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். ஸ்தோத்திரம் பண்ணத்தான் தூக்கினார். என் மகனோ, நம் சபையில் காணிக்கைச் சாமானை ஏலம் விடுவது மாதிரி அங்கேயும் ஏலம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கடைசி பெஞ்சிலிருந்து கையை உயர்த்தி, இருபது பவுண்டு என்று விளித்திருக்கிறான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். சரி, அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லையே, கோயில் சாமான் இப்படி மலிவாகப் போகலாமா என்று உன் விலைக்கு மேல் நீயே முப்பது என்று ஏற்றினாய் பார், அந்த இடத்தில் நானும் லிஜியும் பேசமுடியாமல் சிரித்துவிட்டோம், மன்னித்துக்கொள். அப்புறம்தான் பக்கத்திலிருந்த டோரீன் என்கிற வயதான அம்மா உன் சட்டையைப் பிடித்து இழுத்து, இதெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது, இங்கே ஏலம் கிடையாது என்று காதில் சொன்னாராம். பூசணிக்காயை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தவன் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை என்று கேள்வி.

யாரைக் குற்றம் சொல்ல, உன் அப்பா நேசையனுக்குப் பிறந்த மகன் வேறெப்படி இருப்பான். இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நம் சபையிலும் அறுப்பின் பண்டிகைதான். இந்த மணலில் யார் விதைத்தது யார் அறுத்தது என்று யாரும் கேட்பதில்லை, பூசணி ஓமானிலிருந்து வந்தது, வாழைக்குலை கேரளாவிலிருந்து, கரும்பு, ஜூஸ் கடை பாயிடம் கெஞ்சி வாங்கியது. சபையில் பயிர் செய்கிறவர் என்றால் பால்கனியில் கறிவேப்பிலை வைத்திருக்கும் ஜிஷா ஒருத்திதான். ஆனால் ஏலம் என்று வந்துவிட்டால் நம் ஆட்களைப் பிடிக்க முடியுமா. நான் விடியுமுன் எழுந்து சுட்ட முந்திரிக்கொத்தை உன் அப்பா அருள்ராஜ் அண்ணனோடு போட்டி போட்டு ஏலத்தில் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, பின்ன அருள்ராஜ் தின்னட்டும்னு விடவா, நீ சுட்டதில்லியா என்கிறார். உன் கதையைச் சொன்னபோதும் அவர் சிரிக்கவில்லை. அவன் என்ன களவா செய்தான், ஏலந்தான விளிச்சான், அங்க உள்ளவங்களுக்குப் பண்டிக கொண்டாடத் தெரியல்ல என்று உன் கட்சிதான். இந்தப் பண்டிகையே வெள்ளைக்காரர் நமக்குக் கொண்டுவந்தது என்று சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அதில் ஏலத்தை நம் ஆட்கள் எப்போது சேர்த்தார்களோ தெரியவில்லை. இத்தனை காலம் யாரும் அங்கே போய் ஒத்துப் பார்க்கவில்லை, நீதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்.

இனி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். அங்கே சரிப்படவில்லை, பஹ்ரைனிலேயே ஒரு வேலை பாருங்கள் என்று போன வாரம் நீ கூப்பிட்டபோது குளிர் தாங்கவில்லை என்றாய். நான் நம்பினேன், நம்பினேன் என்பதைவிடச் சந்தோஷப்பட்டேன். அருள்ராஜ் அண்ணனின் கிளினிக்கில் நர்ஸ் வேலை ஒன்று காலியிருக்கிறது, பாஸ்போர்ட் காப்பி கொடுத்தால் விசாவுக்கு எழுதிவிடலாம் என்றார். உன் ரூமில் குவித்து வைத்திருந்த துணியெல்லாம் அள்ளி எங்கள் ரூமுக்கு மாற்றினேன், மீன்கடையில்கூட உனக்குப் பிடித்த மீன் எப்போது வரும் என்று விசாரித்தேன். நேற்று அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பி லிஃப்டுக்கு நிற்கும்போதுதான் லிஜி கூப்பிட்டாள். பேசி முடித்ததும் திரும்ப உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குளிருக்காக வருகிறவனுக்கு நானே டிக்கெட் எடுப்பேன், ஒரு ரொட்டிக்குப் பயந்து ஓடி வருகிறவனை என்ன செய்வது மக்ளே. இங்கே வந்தால் மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்களா, பெற்றவளே நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா, வந்தா வரட்டும், எம்புள்ள எங்கூட இருக்கட்டும் என்றார். என் ஆசையும் அதுதான். ஆனாலும் சாயங்காலம் அருள்ராஜ் அண்ணனிடம் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த டோரீன் அம்மா உனக்குச் சுகமில்லையா என்று கேட்டுக் கூப்பிட்டும் நீ ஃபோன் எடுக்கவில்லையாமே. உன் பூசணிக்காயில் சூப் வைத்து எல்லோருக்கும் கொடுத்தோம் என்று செய்தியும் அனுப்பினாராம், அதற்கும் பதில் இல்லையாம். இது என்ன பழக்கம். இரண்டு ஞாயிறு காணோம் என்றால் தேடுவதற்கு அந்த ஊரில் உனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறது, நானும் அப்பாவும் இங்கே வந்த புதிதில் அப்படி ஒருவர் கிடைக்க ரொம்ப நாள் ஆனது. நாளைக்குக் கோயிலுக்குப் போ, அவர் பக்கத்திலேயே உட்கார், யாராவது முப்பது பவுண்டு என்று கேலி செய்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு. இனி வரப்போகிற பண்டிகைகளையும் லிஜி தேடிப் படித்துச் சொன்னாள். அடுத்த மாதம் வைக்கோல் பொம்மையை நெருப்பில் போட்டு வெடி வெடிப்பார்களாம், வாளித் தண்ணீரோடு ஓடாதே. போரில் இறந்தவர்களுக்காகச் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு எல்லோரும் பேசாமல் நிற்கும் ஞாயிறு ஒன்று உண்டாம், அன்றைக்கு மட்டும் எதற்கும் விலை கேட்காதே. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆரஞ்சுப் பழத்தில் மெழுகுவர்த்தி குத்திக் கையில் தருவார்களாம், பாட்டு முடியும்வரை உரிக்காமலிரு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவு டூட்டி முடிந்ததும் வெறும் டீயோடு படுத்துவிடாதே. ஆராதனை முடிந்ததும் ஒரு படம் அனுப்பு, உன் முகம் மட்டும் போதாது, டோரீன் அம்மாவும் அதில் இருக்கவேண்டும். போய்ப் பழகின பிறகும் மனது ஒட்டவில்லை என்றால் கிளம்பி வா, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், இது அம்மா தரும் வாக்கு. கர்த்தர் உன் பக்கத்திலேயே இருந்து உன்னை நடத்தட்டும், அப்பாவும் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதாக எழுதச் சொன்னார். இன்னொன்றையும் அவர் உன்னிடம் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை வராதே என்று நான் சொன்னது இது ஒரு தடவைதான்.

என்றும் உன் ஜெபத்துணையாக,
அம்மா தங்கபுஷ்பம்