ஒரே வரியில் எழுதிய பெயர்கள்

11.2.1987, புதன் இரவு

வரலாற்றுப் பாடத்தில் வந்த அந்த இங்கிலாந்துச் சீமாட்டியின் மகள், தன்னோடு வளர்ந்த பெரியம்மா மகளை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோதும் தெரியவில்லை. சீமாட்டி இறந்துபோன தன் அக்காவின் பெண்ணையும் கோட்டையிலேயே வளர்த்தாள். வம்சப் படத்தில் நான் எல்லாப் பெண்களையும் சகோதரிகளாக ஒரே வரியில் எழுதினேன். விரிவுரையாளர் அக்காவின் பெண்ணைப் பிரித்து நடுவில் சிவப்புக் கோடு இழுத்தார்.

இன்று, உறவினரை இந்த நாட்டுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் படிவத்திலும் அதே பிழை. கொழும்பில் காத்திருக்கும் ஈஸ்வரி அக்காவைச் 'சகோதரி' என்று எழுதியிருந்தேன். இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்களுக்கு மொழிபெயர்த்து உதவும் குணம் அதைப் பார்த்துப் பேனையைக் கீழே வைத்தார்.

"ரீச்சர், ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையளோ?"

"இல்லை. பெரியம்மான்ர மகள். எங்கட வீட்டிலதான் வளர்ந்தவ."

"அப்ப கசின் எண்டெல்லோ போட வேணும்! கசினைக் கூப்பிட ஏலாது."

"நான் அவவை ஒரு நாளும் கசின் எண்டு கூப்பிட்டதில்லை."

"அந்தக் கூப்பிடுறதுக்கு ஃபோமில இடமில்லை, ரீச்சர்."

நான் பொய் எழுதினேனா? எழுதும்போது அப்படித் தோன்றவில்லை. திருத்தினால்தான் பொய் சொல்வதுபோல இருக்கிறது. நாளைக் காலை படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

வியாழன்

இனி அக்காவைக் கூப்பிட முடியாது என்று தெரிந்தும் 'கசின்' என்று திருத்திக் கையெழுத்திட்டேன். குடிவரவு அலுவலகத்தில் அதிகாரிப் பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"அப்ப உங்களுக்குச் சகோதரங்களே இல்லையோ எண்டு கேக்கிறா," என்றார் குணம்.

இல்லை என்றேன். அவர் அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானே பிரெஞ்சில் "நோன்" என்றேன்.