தங்கத்தில் வந்த காந்தம்

மார்ச் 3
மாமியார் இன்றும் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மருமக தங்கத்தையே காந்தமாக்கிட்டா!"

திருத்தியிருக்கலாம். கட்டித் தங்கம் காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காது. நூறு அணுக்கள் மட்டும் சேர்ந்த துணுக்காக்கினால் பார்க்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு பேராசிரியரும் நானும் கட்டுரை வெளியிட்டோம். திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

28ஆம் தேதி நிரந்தர வேலைக்கு நேர்காணல். ஏழு வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆள் நான். அந்தக் கட்டுரை ஒன்றுதான் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு.

மார்ச் 6
நேர்காணலில் காட்டப் புதிய அளவீடு ஒன்று வேண்டுமாம். பேராசிரியர் உத்தரவு. எப்போதும் சாம்பிளைக் கிள்ளி எடுக்கும் எஃகு ட்வீசரைக் காணோம். யார் எடுத்தது என்று கேட்டால் இந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஊமை. தங்கத் துணுக்குகள் பூசிய கண்ணாடிச் சில்லை பிளாஸ்டிக் ட்வீசரால் எடுத்து ஸ்ட்ராவுக்குள் செருகினேன். (அறையையே அடைத்து நிற்கும், காந்தம் அளக்கும் கருவிக்குள் சாம்பிளைத் தாங்குவது ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராதான். வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.)

காந்தம் இல்லை.

மார்ச் 7
இன்றும் இல்லை. கோபித்துக்கொண்டதா?

மார்ச் 10
பேராசிரியரிடம் சொன்னேன்.

"பழைய ட்வீசர் எங்கம்மா?"

"காணோம் சார்."

"தேடிப் பாரு. அது ராசியான ட்வீசர்."

இருவரும் சிரித்தோம். படியிறங்கும்போது என் சிரிப்பு நின்றுவிட்டது. எஃகில் இரும்பு இருக்கிறது. சில்லைக் கிள்ளி எடுக்கும்போது நுனி உரசும். உரசினால் துகள் ஒட்டும். இந்தக் கருவிக்கு அந்தத் துகளே மலை.

ஐயோ.

மார்ச் 11
ட்வீசர் கிடைத்தது, என் இழுப்பறையிலேயே. (ஊமைகளிடம் மானசீக மன்னிப்பு.) தங்கமே பூசாத வெறும் சில்லை அந்த ட்வீசரால் எடுத்து அளந்தேன். கட்டுரையில் இருக்கும் அதே வளைகோடு, அச்சு அசலாக. வெறும் சில்லை அன்றைக்கும் அளந்தோமே? அளந்தோம், ட்வீசர் படாமல், கையுறை போட்ட விரலால் டப்பாவிலிருந்து நேராக எடுத்து!

ஆக, கண்ணாடியைக் காந்தமாக்கிய பெருமையும் எனக்கே. கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 12
இவரிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் துடைத்துக்கொண்டேதான் பேசுவார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"28 வரைக்கும் சும்மா இருந்தா என்ன?" கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு அவரே சொன்னார்: "உன்னால முடியாதுல்ல."

ஏன் முடியாது? எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? ஏழு வருஷம்! எனக்கு அந்த வேலை வேணும்— யாருக்குத் தெரியப் போகுது?

மார்ச் 17
பேராசிரியர் இரண்டு வளைகோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்டர்வியூ முடியட்டும். அப்புறம் பொறுமையா பாத்துக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. என் நல்லதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

"வாபஸ் வாங்கிடலாம் சார்."

"சரி. அறிவிப்ப நானே எழுதறேன்," என்றார். சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன், வீணாகிவிட்டது.

மார்ச் 28
ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கம், வெறும் கண்ணாடி, இரண்டின் வளைகோடுகளையும் அருகருகே காட்டினேன்.

குழுத் தலைவி கேட்டார்: "அப்போ நீங்க கண்டுபிடிச்சதுதான் என்ன?"

"எங்க ட்வீசர்ல இரும்பு இருக்குன்னு, மேடம்."

ஒருவர் சிரித்தார். மற்ற நால்வரும் எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 4
வேலை இல்லை. எட்டாவது வருஷத்துக்குப் புதுப்பிப்பு உண்டு. "அப்ப நான் இத்தன பேர்கிட்ட சொன்னது?" என்கிறார் மாமியார். நான் உலகத்துக்கே சொன்னேனே அத்தை.

ஏப்ரல் 21
வாபஸ் அறிவிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வாசகத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாராம். வற்புறுத்தவில்லை. நேர்காணலில் உண்மை பேசிவிட்ட களைப்பு.

மே 19
அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதம் செதுக்கியதில் நான்கு வரி.

மே 26
முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். வேறொரு ஆய்வகத்தில் எங்கள் கட்டுரையை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் அதே தங்கத்தைச் செய்து அளந்திருக்கிறாள். ஒருதடவைகூடக் காந்தம் வரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று அவளும் நம்பியிருக்கிறாள், அவள் பேராசிரியரும் நம்பியிருக்கிறார். மே 2ஆம் தேதி வேலையை விட்டுவிட்டாள். 'உண்மையைச் சொன்னதற்கு மிக்க நன்றி' என்று முடித்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

வாபஸ் என்று முடிவான மார்ச் 17க்கும் மே 2க்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு பதில் எழுதினேன்: உங்கள் அளவீடுகள் எல்லாமே சரி. எங்களுடையதுதான் தப்பு.

அனுப்பிய பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.