உனக்கு ஓட்டு இல்லாத கூட்டம்

நண்பா,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். எழுத நினைப்பவை இவை:

1. நம் காப்பீட்டுக் கம்பெனி உன்னை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை.
2. நீ இல்லாவிட்டால் அது கிராமங்களுக்குப் போயிருக்காது.
3. நம் தீவின் சுதந்திரத்துக்கு முந்தைய வருஷத்துக் கூட்டம். நீ பயமே அறியாதவன் என்பதற்கு அதுவே சான்று.
4. இப்போது என் நிலைமை. இதைச் சுருக்கமாக முடிப்பேன்.

இன்று காலை கியூர்பிப்பில் வழக்கமான மழை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தார். சில்லென்று இருந்தது. "பா பூஸே, தோந்தோன்" என்றார். அசையாதே பெரியவரே என்று சொன்னால்தான் எனக்கு நடுக்கம் வரும். கேட்டார். வேறிடத்தில் வைத்தார். பிறகு முதலில் வைத்த இடத்திலேயே மறுபடியும் வைத்துக் கேட்டார். "சாதாரணம்தான், எதற்கும் ஒரு சோதனை செய்துவிடுவோம்" என்றார். சாதாரணம் என்றால் ஒரே இடத்தில் ஏன் இரண்டு தடவை? பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். உன் நெஞ்சையும் அப்படித்தான் இரண்டு தடவை கேட்டார்கள்.

கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் நடந்து ஓய்ந்த சமயம் அது. நம் கம்பெனிக்குப் பங்குதாரர்கள் கிடையாது. பாலிசி எடுத்தவர்களே அதன் முதலாளிகள், ஆளுக்கு ஒரு ஓட்டு. அதுவரை அந்த முதலாளிகள் எல்லோரும் தோட்ட உரிமையாளர்கள், வக்கீல்கள், அவர்களுடைய மைத்துனர்கள். கலவரத்துக்குப் பிறகுதான் கிராமத்துப் பக்கம் பார்வை திரும்பியது. பாலிசி வைத்திருப்பவன் கரும்புக்குத் தீ வைக்க மாட்டான் என்று ஓர் இயக்குநர் சொன்னதாகக் கேள்வி. நான் குமாஸ்தாவாகவும் நீ ஏஜெண்டாகவும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். இருவரும் பாலிசிக்கு மனுப் போட்டோம். எனக்குக் கிடைத்தது. நீ சட்டைப் பொத்தானைப் போட்டபடி டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தாய்.

"தம்பி, என் நெஞ்சு ரவான் மேளம் மாதிரி அடிக்குதாம். செகா ஆடத்தான் லாயக்கு, லாஸிரான்ஸ் பாலிசிக்கு ஆகாதாம்."

என்னைவிட நீ சில மாதங்களே மூத்தவன். ஆனாலும் கடைசிவரை நான் உனக்குத் தம்பிதான். அன்றைக்கு நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்: "வெளிய சொல்லிடாத. எனக்கே குடுக்கலன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட வாங்குவான்?" நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் தைரியம் வேண்டுமே.

இரண்டாவதற்கு வருகிறேன். கான் தெ மாஸ்க், குட்லண்ட்ஸ் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்தாய். உயிருக்குக் காப்பீடு என்றாலே சாவை வீட்டுக்குள் கூப்பிடுவது என்று ஜனங்கள் நினைத்த காலம். நான் உன்னோடு வந்த ஒரே தடவை, கான் தெ மாஸ்க்கில் ஓர் அம்மாள் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"எம் புருஷன் சாவுக்கு நாள் குறிக்க வந்தியா?"

"அய்யோ, இல்லக்கா! அவரு நூறு வயசு இருந்து ஒன்னப் படுத்தட்டும். நடுவுல ஏதாச்சும் ஆனா, ஒங்கையில நாலு காசு இருக்கணுமில்ல?"

அவள் சிரித்துவிட்டாள். நான் அதற்குள் சைக்கிளைத் திருப்பியிருந்தேன். பின்னாளில் அவளும் உறுப்பினரானாள்.

இன்னொரு சமயம், தீமிதிப்பவர்கள் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. ஆபத்தான பழக்கமாம். தீ மிதித்த மறுநாளே ஒருவரை நீ டாக்டரிடம் அழைத்து வந்தாய். அவர் பாதத்தைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்கங்க தொக்தேர், கரும்பு வெட்டிட்டு நேரா வரேன். அம்மா என்ன சுடல, ஒங்க கம்பெனிதான் சுடுது" என்றார். டாக்டர் சிரித்தார். கூடுதல் தொகையும் போயிற்று.

கோயில் சங்கக் கூட்டங்களில் நம் ஆட்கள் ஓட்டுப் போடும் விதம் உனக்கு நன்றாகத் தெரியும். பேச்சை யாரும் கவனிக்க மாட்டார்கள். நம்பகமான ஒருவரின் கையைக் கவனிப்பார்கள். அது உயர்ந்தால் எல்லாக் கையும் உயரும். கான் தெ மாஸ்க்கில் அந்தக் கை உன்னுடையது.

இனி மூன்றாவது. சுதந்திரம் வரப்போகிறது என்றதும் வசதியுள்ளவர்கள் வீட்டை விற்றுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கிராமத்துப் பாலிசிகளையெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் தள்ளிவிட்டு, நகரத்து உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொள்வது என்று ஒரு தீர்மானம் வந்தது. அது நிறைவேறினால், நாளை கான் தெ மாஸ்க்கில் ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக்கு யார் பதில் சொல்வார் என்று எவருக்கும் தெரியாது. எனக்குப் பல நாள் தூக்கமில்லை.

ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தாய். மண்டப வாசலில் என் காதருகே, "மோ பேர், தம்பி" என்றாய். மோ பேர், எனக்குப் பயமாயிருக்கு என்று தினம் உன்னிடம் புலம்புகிறவன் நான். என்னைப் போலவே பேசிக் காட்டுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன்.

"நீ முன்னால உக்காரு. எதிர்ப்பு யாருன்னு கேட்டதும் கையத் தூக்கு. ஒன்னப் பாத்துத் தூக்கச் சொல்லியிருக்கேன்."

உறுப்பினர் அல்லாதவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். நீயும் நின்றாய். ஏஜெண்ட் என்பதால் நிற்கிறாய் என்று உன் ஆட்கள் நினைத்தார்கள்.

தலைவர் பிரெஞ்சில் கேட்டார். ஆதரவாக முன்வரிசைக் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு? நான் கையைத் தூக்கினேன், காது வரைக்கும். திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கைகூட உயரவில்லை. அத்தனை பேரும் சுவரோரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் இன்னும் தூக்கல, இருங்க" என்று யாரோ கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. தலைவர் முடிவை அறிவிக்க வாயெடுத்தார். என் வாய் திறக்கவில்லை. நீ சுவரை விட்டு முன்னால் வந்தாய்.

"என்னப் பாக்காதீங்க! நான் மெம்பர் இல்ல. நெஞ்சு சரியில்லன்னு அன்னிக்கே என்னத் தள்ளிட்டாங்க. ஓட்டு ஒங்களுதுதான். லேவ் லாமே, கையத் தூக்குங்க!"

பிறகு, துடைப்பத்தோடு வந்த அதே அம்மாளின் குரல்: "அடப்பாவி, எங்களுக்கெல்லாம் வித்துட்டு ஒனக்கு இல்லியா!" திட்டிக்கொண்டே கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் பஸ் முழுவதும் தூக்கியது. தீர்மானம் தோற்றது.

நாட்டின் கொடி ஏறியதைப் பார்த்தாய். அடுத்த மழைக்காலத்தை நீ பார்க்கவில்லை. உன் மனைவிக்குத் தர நம் கம்பெனியிடம் ஒன்றும் இல்லை. கான் தெ மாஸ்க்காரர்கள்தான் மாறி மாறி வந்து நின்றார்கள்.

நான்காவது: அடுத்த வாரம் சோதனை. அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதைச் சரிபார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. மண்டப வாசலில் சிரித்தவன் நான் மட்டும்தான். நீ சிரிக்கவில்லை. நீ முன்னால் வந்தபோது உன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததையும் பார்த்தேன். புழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னைப் பயமறியாதவனாக வைத்துக்கொண்டு, பயந்தவர்களால் ஒன்றும் ஆகாது என்றே இத்தனை காலமும் நம்பி வாழ்ந்துவிட்டேன். நீயும் பயந்தாய், அண்ணே.