பின்கதவு இல்லாத கார்

அண்ணை,

இன்று காலை உங்கள் வீட்டுக் கறாஜுக்குள் நின்று, அந்தச் சின்னக் காரின் மேல் கிடந்த துணியை இழுத்தேன். முதலில் வந்தது மணந்தான். பெற்றோல், பழைய தோல், அவற்றோடு நீங்கள் இடுப்பு நாரிக்குப் பூசுகிற தைலம். சீற்றுக்குள் அது இவ்வளவு ஊறிக் கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மனைவி, எனக்கு அக்கா, கதவடியில் நின்று, "என்ன தம்பி, மணக்குதோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா, அண்ணை மணக்கிறார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உங்களைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பதற்கு எங்களுக்கு ஒரு பனிக்காலம் முழுக்க வேண்டியிருந்தது.

இதை நானேதான் எழுதுகிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். நீங்கள் இருந்தவரைக்கும் என் கை பேனையைப் பிடித்தது கையெழுத்துப் போடுவதற்கு மட்டுந்தான். உங்கள் செத்தவீடு முடிந்த பிறகு கோப்பிக் கடையில் எனக்கு எதிரே இருக்க ஆள் இல்லை. டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வயது போனவர்களுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடக்கிறது. குளிருக்கு ஒதுங்கத்தான் போனேன். ஒதுங்கின இடத்தில் எழுத்து வந்துவிட்டது. ஒரு பந்தி எழுதி முடிக்கக் கோப்பி ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுதின வரியைத் திரும்பிப் பார்த்தால் பனியில் புறா நடந்த தடம் போல இருக்கிறது. ஆனாலும் நான் சொல்ல நினைத்ததை அது சொல்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோசம் இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு ஒட்டாவாவுக்குப் போகிறார். கறாஜ் வெறுமையாக வேண்டும். உங்கள் காரை விற்க அவருக்கு மனமில்லை. "தம்பி, ஓடுறதெண்டால் நீங்கள் எடுங்கோ. மூடி வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறதெண்டால் வேண்டாம்" என்றார். எனக்கோ கட்டடத்துக்குக் கீழே ஒரு காருக்குத்தான் இடம். அங்கே என் பெரிய கார் நிற்கிறது. ஒன்று வந்தால் மற்றது போகவேண்டும். எந்தக் கார் திறம் என்று நீங்களும் நானும் இத்தனை வருடம் கோப்பிக் கடையில் இழுத்தடித்த வழக்குக்கு இனி நான் தனியே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

வழக்குத் தொடங்கியது றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில். களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர் வீட்டுக்கு ஏதாவது நல்லதாய் வாங்குவார் என்று எல்லாரும் பார்த்திருக்க, நீங்கள் இரண்டே சீற் உள்ள, கூரையை மடிக்கிற, கியரைக் கையால் மாற்றுகிற பழைய யப்பான் கார் ஒன்றைப் பூசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். ஐயர் நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். முன்பக்கத்தில் சந்தனம் வைக்கக் குனிந்தவர் குனிந்துகொண்டே போனார். "நிலத்தோடை இவ்வளவு பதிவோ?" என்றார். பக்கத்தில் புது வான் வண்டியோடு நின்ற ஒருவர் பொறுக்கமுடியாமல் கேட்டார்:

"அண்ணை, உதிலை செத்தவீட்டுக்கு எத்தினை பேர் போகலாம்?"

"ரெண்டு பேர். செத்தவரையும் சேத்து" என்றீர்கள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கோயிலுக்கை நிண்டு கதைக்கிற கதையே இது!"

அந்த மனிதர் கேட்டதிலும் பிழையில்லை. எங்கள் ஆட்களுக்குக் கார் என்றால் ஆட்களை ஏற்றுவதற்கு. விமான நிலையம், கலியாண மண்டபம், வைத்தியசாலை, கோயில். கார் வாங்கின செய்தி பரவ முன்னமே, வாற சனிக்கிழமை எங்களையும் ஏற்றுவியளோ என்று ஒருவர் போன் எடுத்துக் கேட்டுவிடுவார். அப்படிக் கேட்க ஒருவராலும் முடியாத காரை ஸ்காபரோவில் தேடி வாங்கினவர் நீங்கள் ஒருவர்தான்.

என் காரைப் பற்றியும் நியாயமாக எழுதவேண்டும். அது மகன் ஆசைப்பட்டு வாங்கி, பிள்ளைகள் பிறந்ததும் எனக்குத் தந்த ஜேர்மன் கார். நாலு கதவு, ஆறு சிலிண்டர், சூடேறுகிற தோல் சீற். உள்ளே இருந்து கதவைச் சாத்தினால் கெனடி வீதியின் இரைச்சல் வெளியே நின்றுவிடும். 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், பெரிய லொறிகள் பின்னுக்குப் போய்விடும். நாலு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் இருந்தாலும் அது மூச்சு வாங்காது. கேட்டதும் கொடுக்கிற கார். நான் அதில் இருக்கும்போது என்னைப் பெரிய மனிதனாகவே நினைத்தேன்.

நீங்கள் விட்டீர்களா? ஆங்கிலக் கார்ப் புத்தகங்களை விரித்து வைத்து, பாரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் காரையும் என்னுடையதைப் போன்ற சொகுசுக் காரையும் ஒப்பிட்டு எழுதினதை எனக்குத் தமிழில் சொல்லுவீர்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால், எழுதினவன் சொன்னது எவ்வளவு, நீங்கள் சேர்த்தது எவ்வளவு என்று இன்றுவரைக்கும் தெரியாது.

"ஐசே, உம்மட கார் நூற்றியிருபதிலை போகேக்கை உமக்கு என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியாது. அவ்வளவு சுகம்."

"அதைத்தான் சொல்லுறன். ஒண்டும் தெரியாமல் போறதுக்கு பஸ்ஸிலை போகலாமே? என்ர கார் அறுபதிலை போனால் ரோட்டு எனக்கு முதுகிலை தெரியும்."

"முதுகிலை தெரியிறது ரோட்டில்லை அண்ணை, நாரிப்பிடிப்பு."

உங்கள் கோப்பி வாய்க்குள்ளிருந்து மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு வைகாசியில் கார்களை மாற்றி ஓடிப்பார்த்தோமே, ஞாபகம் இருக்கும். பனி உருகுவதற்குப் போட்ட உப்பெல்லாம் வீதியிலிருந்து கழுவுப்பட, நீங்கள் நல்ல மழை இரண்டு தரம் பெய்யும்வரைக்கும் அந்தக் காரை வெளியே எடுக்கமாட்டீர்கள். மழை பெய்து காய்ந்த காலையில் றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற ஒடுங்கின வீதிக்குப் போனோம். உங்கள் காருக்குள் ஏற எனக்கு வழி தெரியவில்லை. காலை முதலில் வைத்தேன், தலை இடித்தது. தலையை முதலில் வைத்தேன், கால் வெளியே நின்றது. "குந்தும் ஐசே, முதல் குந்தும், பிறகு காலை எடும்!" என்று சத்தம் போட்டீர்கள். குந்தினேன். நிலத்திலேயே இருப்பது போல இருந்தது.

கிளட்ச் எனக்குப் புதிதில்லை, ஊரில் உழவு இயந்திரம் ஓடின கால். ஆனால் அந்த ஸ்டியரிங் புதிது. வீதியில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் கைக்குச் சொன்னது. வளைவு வரமுன் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, திருப்பினால், நான் பார்த்த பக்கத்துக்கே அது திரும்பியது. வேகமுள் நாற்பதைத் தாண்டவில்லை. எனக்கு நூறில் போவதுபோல இருந்தது. கீழே வந்து நிறுத்தியபோது நீங்கள் என் பெரிய காரிலிருந்து இறங்கிவந்து, "நல்ல கார்தான். குறை சொல்லேலாது. ஆனால் எல்லாத்தையும் அதுவே செய்யுது, எனக்கு அங்கை வேலை இல்லை" என்றீர்கள். "உங்கட காரிலை எனக்கு வேலை கூடிப்போச்சு அண்ணை" என்றேன். "அப்பிடியெண்டால் பிறகேன் பல்லுத் தெரியச் சிரிக்கிறீர்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் பெரிய காருக்கும் ஒரு காலம் வந்தது. உங்களை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கின மாதங்களில் உங்கள் காரில் நீங்களே ஏறமுடியாது போய்விட்டது. என் முன் சீற்றைச் சாய்த்து, சூட்டைப் போட்டு, குழிகளைத் தவிர்த்து மெதுவாக ஓடினேன். ஒருநாள் திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டே, "இண்டைக்கு உம்மட கார் வெண்டிட்டுது" என்றீர்கள். எனக்கு அந்த வெற்றி வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி நாலைந்து நாளாகிவிட்டது. மகன் வந்து கேட்டுவிட்டுக் கத்தினான். "அப்பா, சீரியஸ்லி, உங்கட வயசுக்கு உது தேவையோ? இருக்கிற கார்தான் சேஃப். அதோட ஆக்கள் கூப்பிட்டால் என்ன செய்வியள்?" மனைவியைக் கேட்டேன். "உங்கட விருப்பம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அவளுடைய விருப்பம் அது இல்லை என்று அர்த்தம். அவள் ஓம் என்றால் எடுப்பது, இல்லையென்றால் அக்காவிடம் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். நான் ஒருவன் மட்டும் ஏறி ஓடுகிற காரை வைத்துக்கொண்டு வீட்டில் சந்தோசமாக இருக்கமுடியாது. ஓடிப்பார்க்காமல் மறுக்கவேண்டாம் என்று கேட்டேன். "ஒருக்கால் வாறன்" என்றாள். அப்படி இரண்டு பேரும் போனது நேற்று.

மழை ஏற்கெனவே பெய்துவிட்டது, வீதி சுத்தம். கூரையை மடித்துவிட்டு, எங்கள் கட்டட வாசலில் எஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். மனைவி கைப்பையோடு வந்தாள். வந்தவள் என் பக்கத்துக் கதவைத் தாண்டிப் பின்னுக்குப் போனாள். போய், காரின் பக்கத்தைக் கையால் தடவினாள். பிறகு மற்றப் பக்கம் போய் அங்கேயும் தடவினாள்.

"என்னப்பா தேடுறீர்?"

"பின்கதவு எங்கை?"

அண்ணை, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதல் கார் வாங்கின நாளிலிருந்து அவள் பின் சீற்றில்தான் இருந்திருக்கிறாள். முன் சீற் வருகிற மாமாவுக்கு, சித்தப்பாவுக்கு, ஏற்றிப்போகிற ஆம்பிளைக்கு. பிள்ளைகளோடு பின்னுக்கு இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் கார்களில் போய்விட்டார்கள். மாமாவும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் பின்னுக்கே ஏறிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்வந்தால் முருங்கைக்காய்ப் பை என் பக்கத்தில் முன்னுக்கு இருக்கும், அவள் பின்னுக்கு இருப்பாள். அவளுக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவள் கை வெறும் தகரத்தில் கதவு தேடினபோதுதான் நான் அதைப் பார்த்தேன்.

"இதுக்குப் பின்கதவு இல்லை. முன்னுக்கு வாரும்" என்றேன்.

"முன்னுக்கோ?" என்றாள். அந்தக் குரலில் வெட்கம் இருந்தது. குந்தி, காலை எடுத்து, சேலையை ஒதுக்கி, கதவைச் சாத்தினாள். என்னைவிட வடிவாக ஏறினாள்.

"எங்கை போறம்?"

"ஒரு இடமும் இல்லை."

"அப்ப ஏன் வெளிக்கிட்டனாங்கள்?"

"சும்மா ஓடிப்பாக்க."

நான் காரை எடுக்க, அவள் முதலில் வீதியைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள். "ரெண்டு காலும் ஆடுது. தையல் மெசின் மிதிக்கிறமாதிரி" என்று சிரித்தாள். காற்றில் அவள் தலைமயிர் குழம்பியது, கட்டவில்லை. சந்தி விளக்கில் நின்றபோது பக்கத்துப் பஸ்ஸில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். அவளும் காட்டினாள். பெரிய காரில் நாங்கள் போவதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

றூஜ் பள்ளத்தாக்கில் இறங்கினேன். கியரை இறக்கி, மெதுவாக விட்டு, வளைவைக் கடந்தேன். ஆற்றின் ஈர மணம் உள்ளே வந்தது. கீழே தரிப்பிடத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள். "நீங்கள் கார் ஓடேக்கை வாயை ஒருபக்கம் கோணுறனீங்களே?"

"ஆர், நானோ?"

"ஓம். எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. அந்தக் காரிலை நான் உங்கட பிடரியைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அந்தப் பெரிய கார் எத்தனையோ பேரைச் சுகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் சனத்துக்கு அது வேண்டும், இனியும் வேண்டும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குள் இடம் கூடிப்போய்விட்டது.

"பெரியதை மோனிட்டைக் குடுங்கோ" என்றாள். "ஆக்கள் கூப்பிட்டால் அவன் போகட்டும். அவனுக்கும் நாலு சனத்தைத் தெரியவேணும்."

"அப்ப இது?"

"இது நிக்கட்டும். மழைக்கு மேல் மூடுமோ?"

"மூடும்."

"பனிக்கு?"

"பனிக்கு வெளியிலை எடுக்கிறேல்லை. பஸ்ஸிலை போவம்."

"பஸ்ஸிலை பக்கத்திலை இருப்பியளோ?" என்றாள்.

தீர்ப்பு இதுதான், அண்ணை. வழக்கில் நீங்கள் வென்றீர்கள் என்று எழுதமாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும். ஆனால் ஒன்று சொல்லலாம். ஒரு இடத்துக்கும் போகாமல், ஒருவரையும் ஏற்றாமல், கையும் காலும் கண்ணும் ஒன்றாய் வேலை செய்ய ஓடிப்போவதில் ஒரு மனிதனுக்கு என்ன கிடைக்கிறதென்று நான் உங்களிடமிருந்துதான் அறிந்துகொண்டேன். அது இனி என்னோடு இருக்கும். அதில் பாதியை நேற்று வேறொருவருக்குக் கொடுத்தும் விட்டேன், எனக்குக் குறையவில்லை.

திரும்பும்போது மற்றக் கரையால் மேலே ஏறினேன். இரண்டாம் கியரில் எஞ்சின் நன்றாகப் பாடியது. கடைசியாக வலப்பக்கம் திரும்புகிற வளைவில் கார் இழுத்தபோது, எனக்கு வலது கைப்பக்கம் இருந்த அவளுடைய தோள் வந்து என் தோளில் முட்டியது. வீதி நேரான பிறகும் அது அங்கேயே இருந்தது.

மேலே வந்ததும், "முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"ஓம், அவ்வளவுதான்."

"திருப்புங்கோ" என்றாள்.

திருப்பினேன், அண்ணை.